மேல்மாடிப் பரீட்சை

"கடல் வருகுதாம்!" என்று கீழே தெருவில் யாரோ கத்தியபோது, றஸ்னாவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் பாக்கியிருந்தன.

அறையிலிருந்த மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். ஒரு கதிரை கவிழ்ந்தது. செருப்புச் சத்தம் படிக்கட்டில் தடதடவென்று இறங்கித் தேய்ந்தது.

றஸ்னா எழவில்லை.

கல்முனை மெயின் றோட்டில் ஒரு கம்பியூட்டர் நிலையத்தின் மேல்மாடி அது. சுனாமிக்குப் பிறகு மூன்றாவது வருடம். ஊர் இப்படி ஓடுவது இது முதல் தடவையல்ல. ஒவ்வொரு தடவையும் கடல் தன்பாட்டில்தான் கிடந்தது.

அவள் சம்மாந்துறைக்காரி. கடல் அவள் வீட்டுப் பக்கம் வந்ததேயில்லை. சுனாமி என்றால் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியவர்களுக்குக் கிடாரம் கிடாரமாகச் சோறு ஆக்கியதுதான் அவளுக்கு நினைவு.

கதவருகே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவள் நிரோஜினி. றஸ்னாவைவிட இளையவள். அவளும் ஓடவில்லை. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மேற்பார்வையாளர் அறையை விட்டு வெளியேறினால் பரீட்சை செல்லாது. அது இருவருக்கும் தெரியும்.

"என்ன மிஸ், போவமா?"

"நீங்க செய்ங்க அக்கா. நான் இருக்கன்."

குரலில் ஒரு நடுக்கமுமில்லை. றஸ்னாவுக்கு அது போதும். திரையின் பக்கம் திரும்பினாள்.

சம்மாந்துறை அரிசி ஆலைகளுக்கு அவளும் கணவன் இஹ்ஸானும் சேர்ந்து எழுதிக் கொடுத்த மென்பொருள் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "வேலை தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குப் புள்ள சேர்டிபிகேட்?" என்று அவன் மாதக்கணக்காகக் கேட்டான். தினமும் கையில் வைத்து வேலை செய்கிற ஒரு மென்பொருள் கருவி, அது அவளுக்குத் தெரியும் என்று அதைச் செய்த கம்பனியே எழுதித் தர வேண்டுமாம். பிள்ளையை உறங்க வைத்துவிட்டு அவள் படித்ததில் பாதி, வேலையில் ஒருபோதும் தேவைப்படாத மூலைமுடுக்குகள். ஒரு சோடிக் காப்பும் பரீட்சைக் கட்டணத்துக்காகப் போயிருந்தது.

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் கொழும்பில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. யுத்தகாலத்தின் இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து, அவள் எழுதிய மென்பொருளை நேரில் பார்க்க அங்கே யாருக்கும் மனமில்லை. சேர்டிபிகேட் இருந்தால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.

அடுத்த கேள்வி. நான்கு விடைகளில் மூன்று சரிபோலவே தெரிந்தன.

மேற்பார்வை மேசையிலிருந்த கூடைக்குள் அவளுடைய போன் அதிரத் தொடங்கியது. இஹ்ஸானாகத்தான் இருக்கும். நிரோஜினி குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. பிறகு நிரோஜினியின் போன். அதையும் அவள் தொடவில்லை.

எவ்வளவு கண்டிப்பான பெண் என்று றஸ்னா நினைத்துக்கொண்டாள்.

கீழே வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு, கடலுக்கு எதிர்த்திசையில் நற்பிட்டிமுனைப் பக்கம் போயின. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. சத்தத்தைவிட, சத்தம் நின்றதுதான் பயமாக இருந்தது.

கடல் இரைவது கேட்டது. இது எப்போதுமுள்ள இரைச்சலா, கூடிவிட்டதா? சம்மாந்துறைக்காரிக்கு அது எப்படித் தெரியும்?

திரும்பி, "கடல் வழமையா இப்பிடித்தான் இரையுமா மிஸ்?" என்று கேட்டாள்.

நிரோஜினி ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

மவுஸில் விரல் வழுக்கியது. கடைசி இரண்டு கேள்விகளையும் முழுதாக வாசிக்காமலே விடையைத் தெரிவுசெய்தாள். முடிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரை வெள்ளையாகி, அப்படியே நின்றது.

தேர்ச்சி.

"பாஸ் மிஸ்!" றஸ்னா துள்ளி எழுந்தாள். "எழும்புங்க, ஓடுவம்!"

நிரோஜினி எழும்பவில்லை.

"மிஸ்?"

"எனக்குக் கால் எழும்புதில்லக்கா." அதே அமைதியான குரல். "அவங்க கத்தின நேரத்திலருந்து."

அப்போதுதான் றஸ்னா கிட்டப் போனாள். மேசையைப் பிடித்திருந்த விரல்களில் இரத்தமே இல்லை. கதிரைக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

"சுனாமியண்டைக்கும் இப்பிடித்தான்," என்றாள் நிரோஜினி. "அம்மா கையப் பிடிச்சு இழுத்தவ."



றஸ்னா அந்த விரல்களை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து பிரித்தாள். தன் கழுத்தைக் கட்டச் செய்து, முதுகில் சுமந்துகொண்டு, சுவரோடு உரசி உரசிப் படியிறங்கினாள். பாதி வழியில் இஹ்ஸான் எதிரே ஏறி வந்தான். ஓடிய சனத்துக்கு எதிராக மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தவன். நிரோஜினியைத் தாங்கத் தானும் தோள் கொடுத்தான்.

மோட்டார் சைக்கிளில் நிரோஜினியை நடுவில் இருத்தி, பின்னாலிருந்து றஸ்னா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நற்பிட்டிமுனை வயல் வரம்புகளில் சனம் நிறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒருவருடைய றேடியோ, ஆபத்தில்லை என்று சொன்னது. அன்றும் கடல் வரவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் ஏசினார்கள். சனம் வீடுகளுக்குத் திரும்பத் தொடங்கியது.

கடல் வராது என்று றஸ்னா நினைத்தது சரிதான். அது அவளுக்கு ஓர் ஆறுதலையும் தரவில்லை.

"என்ன புள்ள, பரீட்சை என்ன மாதிரி?" இஹ்ஸான் அப்போதுதான் கேட்டான்.

வரம்பில் றஸ்னாவின் மடியோடு சாய்ந்து கிடந்த நிரோஜினிதான் பதில் சொன்னாள்.

"அக்கா பாஸ். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்."