ஒரு ன் கூடுதல்

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

காலை ஏழு மணி. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவள் மகள். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம். நெற்றியில் ஜிகினாப் பொட்டு. எட்டு வயது.

படத்துக்குக் கீழே, சிவப்பில், பெயர்.

இன்னியா.

மகளின் பெயர் இனியா.

அவள் வைத்த பெயர். வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதே, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பெயர்.

கணவனின் அண்ணன் தண்டபாணிக்கு அது ஆகவில்லை. பெயர் நல்ல பெயர்தான், கூட்டுத்தொகைதான் சரியில்லை என்றார். திருப்பூரில் அவருக்கு ஒரு நியூமராலஜிக்காரர் இருந்தார். ஆங்கிலத்தில் இன்னொரு 'என்' போடச் சொன்னாராம். அதற்கேற்பத் தமிழிலும் ஒரு ன்.

அவள் முடியாது என்றாள். பிறப்புச் சான்றிதழில் இனியா என்றே பதிந்தாள்.

அவர் விடவில்லை.

முதல் பிறந்தநாள் கேக்கில் இன்னியா. காதுகுத்துப் பத்திரிகையில் இன்னியா. தீபாவளிக்கு அனுப்பிய துணிப்பையின் மேல், ஸ்கெட்ச் பேனாவில், இன்னியா. கேட்டால் ஞாபகமில்லாமல் எழுதிவிட்டேன் என்பார். அவர் மனைவிக்கும் ஞாபகமிருக்காது. பிள்ளைகளுக்கும்.

ஞாபகமில்லாதவர்கள் எட்டு வருடத்தில் ஒரு தடவையாவது சரியாக எழுதியிருக்க வேண்டும்.

காதுகுத்துப் பத்திரிகை முந்நூற்றையும் அவள் உட்கார்ந்து வெள்ளை மை வைத்துத் திருத்தினாள். கணவன் பூபதி பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக் காயவைத்தான். அண்ணன் அப்படித்தான், விடு என்றான்.

போன வைகாசியில், மகளின் ரத்தத்தில் நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தண்டபாணி பார்க்க வந்தார். கட்டிலருகே நின்றுகொண்டு, இப்போதாவது பெயரை மாற்றலாம் என்றார். மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், குழந்தை காதுபட இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றாள். அவர் தலையாட்டினார்.

அதன்பிறகு எடுக்கவில்லை. அவள் முன்னால்.

ஃப்ளெக்ஸில் கத்தி முதலில் வழுக்கியது. பிறகு இறங்கியது. இ-க்கும் னி-க்கும் நடுவில் இருந்ததை நான்கு பக்கமும் கீறினாள். புள்ளியோடு கையில் வந்தது. ஓட்டை வழியாக எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

கையில் வந்ததைச் சாக்கடையில் போட்டாள்.

வீடு திரும்பியபோது கூடத்தில் தண்டபாணி உட்கார்ந்திருந்தார். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். துக்கம் கேட்க வந்த நான்கைந்து பேர் சுவரோரமாக இருந்தார்கள். பூபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்டபாணி கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தார்.

மகளின் எழுத்து.

பக்கத்துக்குப் பக்கம் மேலே தேதி. கீழே நெருக்கி நெருக்கி ஒரே வார்த்தை. இன்னியா. இன்னியா. இன்னியா. ஒரு நாளைக்கு நூற்றெட்டு. படுத்தபடியே எழுதியது. ஊசி ஏற்றியிருந்த கையால் எழுதியது. வரிகள் வலப்பக்கம் சரிந்து விழுந்தன.

இரண்டு இடத்தில் பழக்கத்தில் இனியா என்று எழுதிவிட்டிருந்தாள். அடிக்கவில்லை. மேலே சின்னதாக ஒரு ன் செருகியிருந்தாள்.

அவர் நிதானமாகச் சொன்னார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் எழுத வேண்டும் என்று கணக்காம். அவள் குளிக்கவும் சமைக்கவும் வீட்டுக்குப் போன மத்தியான நேரங்களில் குழந்தை எழுதியதாம். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று குழந்தையே தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டதாம். நியூமராலஜிக்காரரிடம் காட்ட வாங்கிப் போயிருந்தாராம்.

"இன்னும் ஒம்பதே நாள். எழுதி முடிச்சிருந்தா பொழச்சிருப்பா."

அவள் நிமிர்ந்தாள்.

கல்யாணமாகிப் பத்து வருடம். சண்டையிலும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். வாங்க, போங்க என்றுதான்.

"எந்திரி," என்றாள். "வெளிய போ."



தண்டபாணி தம்பியைப் பார்த்தார். பூபதி எழுந்தான். தன்னை எதிர்த்துப் பேசுவான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அண்ணனின் தோளைத் தொட்டு எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

பத்து வருடத்தில் முதல் தடவையாக அவன் தன் பக்கம் நின்றதாக அவளுக்குத் தோன்றியது. அதுவரை வராத அழுகை வரப்பார்த்தது.

நோட்டை மூடினாள்.

அட்டையில் லேபிள் ஒட்டியிருந்தது.

பெயர்: இன்னியா. வகுப்பு: மூன்று.

கோணாத, பொறுமையான எழுத்து. மகளுடையது இல்லை. தண்டபாணியுடையதும் இல்லை. மளிகைச் சீட்டிலும், சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் துண்டுத் தாளிலும் தினம் பார்த்த எழுத்து.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பூபதி கேட்டைச் சாத்தினான்.

அவன் உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படும்படி, லேபிளை வாசல் பக்கம் திருப்பி, நோட்டை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.