கவிழ்த்து வைத்த துரும்பு

"சிவம் அண்ணை, ஃபான் உங்கடை தலைக்கு மேலைதானே சுத்துது? பிறகேன் உப்பிடி வேர்க்குது?"

உதயகலா கேட்டபோது சிவசுப்பிரமணியம் தன் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காதைச் சொறிந்தார். மூக்கைத் தடவினார்.

"காலமை திண்ட உழுந்து வடை, பிள்ளை. வாய்வு. நீர் விளையாட்டைப் பாரும்."

சண்டிலிப்பாய்ச் சனசமூக நிலையத்தின் புத்தாண்டுப் போட்டிகளில் முட்டி உடைத்தல், கயிறிழுத்தல் எல்லாம் முடிந்து, ஊரே முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தின் இறுதியாட்டத்தைச் சுற்றி நின்றது. பரிசு ஒரு கிடாய். அது தன் எதிர்காலத்தைப் பற்றிய ஆட்டம் என்ற கவலையே இல்லாமல் வாசலில் குழை தின்றுகொண்டிருந்தது.

மூன்று வருடமாகக் கிடாய் போவது சிவசுப்பிரமணியத்தின் வீட்டுக்குத்தான். கூட்டாளி அவருடைய மச்சான் ஜெயரூபன். இந்த வருடம் தையற்கடை உதயகலாவும் கணவன் பிரகாஸும் சமமாக வந்து நின்றார்கள். மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

சிவசுப்பிரமணியம் இடது கையைத் தோளிலிருந்து தடவினார். எதிரே இருந்த ஜெயரூபன் முழித்தான். அவர் தாடையைப் பிடித்தார். இன்னும் முழித்தான். அவர் உள்ளங்கையால் நெஞ்சை அழுத்தினார். ஜெயரூபனின் முகம் தெளிந்தது.

"இருநூறு!" என்று புள்ளி கேட்டு, ஒரு சீட்டைத் துரும்பாக மேசையில் கவிழ்த்து வைத்தான். அது என்ன சீட்டு என்று வைத்தவனுக்கு மட்டுமே தெரியும். அதுதான் சட்டம்.

உதயகலா தன் சீட்டுகளைக் கீழே வைத்தாள்.

"ஆட்டத்தை நிப்பாட்டுங்கோ. உது வாய்வில்லை, ஹார்ட் அட்டாக்!"

சனம் கூவியது. "தோக்கப்போறா, அதுதான் குழப்புறா!"

"அக்கா, நான் இருநூறு கேட்டதுக்கு எங்கடை அத்தானுக்கோ வருத்தம் குடுக்கிறியள்?" என்றான் ஜெயரூபன்.

"எனக்கு ஒண்டுமில்லை," என்றார் சிவசுப்பிரமணியம். "நெஞ்சிலை ஆரோ அம்மிக்கல்லை ஏத்தி வச்ச மாதிரிக் கிடக்கு. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே எழும்பப் பார்த்தார்.

"அசையாதேங்கோ!" உதயகலா அவரைச் சுவரோடு சாய்த்து இருத்தி, முழங்காலை மடிக்க வைத்து, சேட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். "பிரகாஸ், ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுக்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் வரட்டும்."

அதற்குள் ஒருவர் சோடாவோடு வந்தார். இன்னொருவர் இஞ்சியோடு வந்தார். ஒருவன் மோட்டார் சைக்கிளையே ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.

"நடுவிலை இருத்திக்கொண்டு பறப்பம், அக்கா!"

"வழியிலை இதயம் நிண்டா என்ன செய்வீர், ஹோன் அடிப்பீரோ? ஒருத்தரும் ஒண்டும் பருக்க வேண்டாம். காத்தை விடுங்கோ!"

தொலைபேசியில் பேசிய அம்புலன்ஸ்காரர், மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப்புண் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, ஒரு அஸ்பிரினைச் சப்பக் கொடுக்கச் சொன்னார்கள். நிலையத் தலைவர் தன் பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

அம்புலன்சில் ஏற்றும்போது சிவசுப்பிரமணியம் தலையைத் தூக்கினார்.

"தலைவர், மேசையிலை கிடக்கிற சீட்டை ஒருத்தரும் தொடக் கூடாது!"

தலைவர் அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. பெரியாஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார் டொக்டர். சிவசுப்பிரமணியம் நடக்கத் தொடங்கியதும் அறை திறக்கப்பட்டது. சீட்டுகளில் தூசி. தலைவர் வீட்டில் வளர்ந்த கிடாயோ கதவுக்குள் நுழையாத அளவுக்குக் கொழுத்திருந்தது.

மிச்ச ஆட்டத்துக்கு முன் தலைவர் உதயகலாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"தங்கச்சி, நீங்கள் நேர்சும் இல்லை. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"வேர்வை, இடது கை, தாடை, நெஞ்சு எண்டு கிளினிக் சுவரிலை படம் ஒட்டிக் கிடக்கு. எல்லாரும்தானே பாக்கிறம்."

"அப்ப முன்னாலை இருந்த ஜெயரூபனுக்குக்கூட ஏன் விளங்கேல்லை?"

உதயகலா பொன்னாடையை மடித்து மடியில் வைத்தாள்.

"அவருக்கு அது வேறை மாதிரி விளங்கியிருக்கும். நான் மூண்டு வரியமாச் சிவம் அண்ணையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். காதைச் சொறிஞ்சா ஜாக்கி. மூக்கைத் தடவினா ஒன்பது. கைக்கும் தாடைக்கும் ஒரு சீட்டும் இல்லை. அப்பதான் எனக்குப் பயம் வந்தது."

காதை நோக்கிப் போன சிவசுப்பிரமணியத்தின் கை பாதியில் நின்றது.

"அப்ப நெஞ்சுக்கு?" என்றார் தலைவர்.

"அதுக்கும் இல்லைத்தான். ஆனா தம்பி அந்த இடத்திலை ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டார். துரும்பைத் திருப்பிப் பாருங்கோ."

ஜெயரூபன் பாய்ந்து மறைப்பதற்குள் தலைவர் திருப்பிவிட்டார். ஆட்டின், அதாவது ஹார்ட்ஸ், ஏழு. சிவப்புச் சிவப்பாக ஏழு இதயங்கள்.

முதலில் வெடித்துச் சிரித்தவர் சிவசுப்பிரமணியம்தான், இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டு.