பூட்டு போட்ட ஃப்ரிட்ஜ்

ஒரு கிண்ணம் நிறைய முளைகட்டிய பாசிப்பயறு. முதியோர் நல அதிகாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மருமகள் அதை அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தாள்.

"பார்த்தீங்களா மேடம்? இதுக்குத்தான் போன் பண்ணேன்" என்றாள் சோபாவில் இருந்த மாமியார்.

அதிகாரி கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இருபது வருடமாக மருமகள்களை விசாரித்து வருகிறவர் அவர். பாதிப் படிவம் வாசற்படியிலேயே மனதுக்குள் நிரம்பிவிடும். இங்கே மீதியை ஃப்ரிட்ஜ் நிரப்பிவிட்டது. அதன் கைப்பிடியைச் சுற்றிச் சங்கிலி போட்டு சைக்கிள் பூட்டால் பூட்டியிருந்தது. அந்த அடுக்குமாடியில் இந்த மருமகளுக்கே 'பூட்டு' என்றுதான் பெயர்.

மாமியார் பொரிந்து தள்ளினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆனதாம். இப்போது கல்லு மாதிரி இருக்கிறாளாம். ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அடுத்த மாதம் தங்கை பேத்திக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் முன்னால் இந்தத் தலையோடு எப்படிப் போய் நிற்பது என்று சொல்லும்போது அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

சோபா மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள். முளைப்பயறில் புரதம், பசலைக்கீரையில் இரும்புச்சத்து, முடி வேருக்கு முட்டை, மினுமினுப்புக்கு வாழைப்பழம். கூந்தலுக்கு மருந்துக்கடை வேண்டாம், அடுப்படியே போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான்.

இதில் ஒன்றையும் இவள் கண்ணில் காட்டுவதில்லை என்றாள் மாமியார். கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு எடுத்து வைத்தால் பாத்திரத் தொட்டியில் போகிறது. முட்டையைத் தேனில் அடித்துக் குடிக்கப் போனால் டம்ளரைப் பிடுங்குகிறாள். போடுவதெல்லாம் குழைய வேகவைத்த சோறும் காயும்தான்.

"அவ மட்டும் பழம், பாதாம்னு வளைச்சு வளைச்சுத் தின்னறா. வேலைன்னு வந்தா ஒரு தண்ணி கேனைத் தூக்க மாட்டா மேடம். என் பையன் ஆபீஸ்லேர்ந்து வந்துதான் தூக்கணும். மகாராணி."

மருமகள் காலிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அவளுக்கு மாமியாரைப் பிடிக்காது, பிடித்த மாதிரி நடிக்கவும் வராது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமியார் அவளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் 'அத்தை'க்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிப் பேசியதில்லை.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அதிகாரி கேட்டதற்கு, டாக்டர் வேண்டாம் என்றார் என்று பதில் வந்தது. சீட்டைக் காட்டு என்றால், மாத்திரை வாங்க வீட்டுக்காரர் ஃபைலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறாராம். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அவர் போகிற வீட்டிலெல்லாம் ஃபைல் எங்கேயாவது வெளியேதான் போயிருக்கும்.

"பயறு சாப்பிடக் கூடாதுன்னு எந்த டாக்டரும்மா சொல்லுவாரு?"

"வேகவெச்சு சாப்பிடலாம். பச்சையாத்தான் கூடாது, கிருமி தொத்திக்கும். இவங்க நான் குளிக்கப் போற நேரம் பார்த்துப் பச்சையா அள்ளிப் போட்டுக்கறாங்க. அதான் பூட்டு."

"கேட்டீங்களா, என்னைத் திருடி கணக்கா பேசறதை" என்று மாமியார் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினாள்.

அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உணவு மறுப்பு, மன உளைச்சல் என்று மளமளவென்று எழுதினார். மாமியாரை இன்றைக்கே மகள் வீட்டுக்கு அனுப்பப் பரிந்துரை. மகளிடம் போனில் பேசியாயிற்று. அம்மா ஆசைப்பட்டதையெல்லாம் தன் கையால் ஊட்டிவிடுவேன் என்று அவள் அழுதிருக்கிறாள். மாமியார் காலையிலேயே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மருமகளின் முகம் அப்போதுதான் மாறியது. பயந்துவிட்டாள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அதிகாரிக்கு அதில் ஒரு திருப்தி.

"அத்தை எங்க வேணா போகட்டும் மேடம். எனக்கும் நிம்மதிதான்" என்றாள். "ஆனா பச்சைப் பயறு, பச்சை முட்டை குடுக்கக் கூடாதுன்னு அதுல எழுதுங்க. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாதுன்னும் எழுதுங்க. அவங்க பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்குங்க."

அதிகாரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வீட்டை விட்டே போகிறவளை, போகிற இடத்திலும் வாயைக் கட்டச் சொல்கிறாளே. இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை அவர் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.

"நீங்க கையெழுத்தைப் போடுங்க மேடம், இவகிட்ட என்ன பேச்சு" என்று மாமியார் அவசரப்படுத்தினாள்.

அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"அவங்க உடம்பு, அவங்க இஷ்டம். கெட்டா அவங்களுக்குத்தானே கெடும்? உனக்கு இதுல என்னம்மா நஷ்டம்?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவங்க உடம்புல இருக்கறது என் கிட்னி, மேடம்."