பணி நீட்டிப்பு

தூதர் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். கூடத்தில் பேச்சு அடங்கியது.

அவள் இனிப்புத் தட்டைச் சுமந்தபடி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். தூதர் பேச எழுந்தால் லேசில் உட்காரமாட்டார் என்பது தூதரகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அவளும் கணவரும் மகளும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். இது மூன்றாவது நாடு. போகிற குடும்பம் போவதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடவேண்டும், அது தூதரக வழக்கம்.

அதனால் கட்டிய பெட்டிகளைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுக் காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். உடம்பு பிழிந்து போட்ட துணியாய் இருந்தது. இருந்தாலும் நல்ல புடவை, நல்ல முகம்.

சற்று முன்பு, கை கழுவப் போன தூதரின் மனைவி தவறான கதவைத் திறந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டார். கணவருடைய பெட்டிகளில் நீல ஒட்டுநாடா. அவளுடையதிலும் மகளுடையதிலும் சிவப்பு.

"அடேயப்பா, என்ன ஒழுங்கு! உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

அவள் வழக்கம்போலச் சிரித்து வைத்தாள்.

இப்போது தூதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம முதல் செயலாளரை வழியனுப்பத்தான் எல்லாரும் வந்தோம். ஆனா பாருங்க, சாப்பிட்டதுதான் மிச்சம். அவர் போகலை! இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சு உத்தரவு வந்தாச்சு."

முதல் செயலாளர் அவள் கணவர்.

கைதட்டல் எழுந்தது. யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து, காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"கட்டின பெட்டியையெல்லாம் பிரிக்கணுமே, பாவம்!" என்றது ஒரு குரல். எல்லா முகங்களும் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பின.

தூதரகத்து மனைவிமார்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்த மாதிரி நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

"ரொம்பச் சந்தோஷம்" என்றாள். கரண்டி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

தட்டை மேடைமேல் வைத்தாள்.

பாத்திரத் தொட்டியருகே மகள் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"எனக்காகன்னா வேணாம்மா."

"என்னடி வேணாம்?"

"நீயும் அப்பாவும் சேர்ந்து இருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு எப்பவோ தெரியும்."



வீட்டுக்குள் தனித்தனி அறை, விருந்துக்குப் போனால் ஒரே கார் என்று அவர்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டுச் சலித்துப்போய், கடைசியில் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்த முடிவு அது. பணிக்காலம் முடியட்டும், பெண்ணின் பரீட்சை கெடக்கூடாது, ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பிரிந்துகொள்ளலாம். அதுவரை மூச்சு விடக்கூடாது.

பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

வியாழக்கிழமையை நினைத்தும் அவளுக்குப் பயம்தான். விமான நிலையத்துக்கே இரண்டு வீட்டாரும் வந்து நிற்பார்கள். பஞ்சாயத்து, அழுகை, அவரவர் நியாயம். ஆனாலும் அதற்கு அப்பால் ஒரு முடிவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினாள். இப்போது அதுவும் ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது.

கதவுப் பக்கம் அரவம் கேட்டது. கணவர் நின்றுகொண்டிருந்தார். மகள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"நீட்டிப்பு எனக்கு மட்டும்தான். நானேதான் கேட்டு வாங்கினேன். வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஊர்ல கேட்டா, பொண்ணு படிப்புக்காக முன்னாடியே வந்துட்டோம்னு சொல்லு. யாரும் துருவ மாட்டாங்க. ஒரு வருஷம் போனா அவங்களே பழகிப்பாங்க. அப்புறம் நானே வந்து சொல்லிடறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கிடைக்குமான்னு தெரியலை. ஆசை காட்டிட்டு இல்லைன்னு ஆயிட்டா?"

கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது. அவளைக் கூப்பிடுகிறார்கள்.

அவள் பழக்கதோஷத்தில் புடவையைச் சரிசெய்துகொண்டு தட்டை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் அவர் எடுத்துக்கொண்டார். மகள் கரண்டிகளைத் துடைத்து அதில் வைத்தாள். அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்தாள்.

கூடத்தில் தூதரின் மனைவி கேட்டது சுவரைத் தாண்டி வந்தது. "எங்கே வீட்டுக்காரம்மாவைக் காணோம்?"

"உட்கார்ந்திருக்கா" என்றார் அவர். "கொஞ்ச நேரம் உட்காரட்டும்."