சங்கிலி யார் நாற்காலிக்கு?

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் பனியில் வண்டி சட்டென்று நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்: இது பிழை. அது வண்டியைக் கிளப்பும். நிறுத்துவது பிரேக்கின் வேலை. அது எல்லா வண்டியிலும் ஒன்றுதான். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நம்பிக்கையோடு பள்ளத்துக்குள் போகிறார், அவ்வளவே.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ரெய்னோ கால்லியோ. அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் சுப்பீரியர் ஏரிக்கரையில் நாற்பத்தோரு குளிர்காலம் வண்டி ஓட்டி, ஒருமுறைகூடச் சாலையை விட்டு இறங்காத மனிதர். அதை ஊர் மறந்துவிட அவர் அனுமதித்ததே இல்லை.

அன்று காலை பெர்னிஸின் காபிக் கடையில் அவர் பேஸ்டியை, அதாவது இறைச்சி அடைத்த ரொட்டியை, பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு மாரிசெலா வந்தாள். டெக்ஸஸிலிருந்து வந்து இரண்டே மாதமான புது நர்ஸ். முழங்கால்வரை பனி.

"வெஸ்லி, உங்க இழுவை வண்டி வேணும்," என்றாள் என்னிடம். "சர்ச் வளைவுல என் வண்டி பள்ளத்துல கிடக்கு."

கடை மொத்தமும் மேஜையைத் தட்டியது. "சங்கிலி! சங்கிலி!"

சுவரில் ஒரு துருப்பிடித்த சங்கிலி உண்டு. குளிர்காலத்தில் முதன்முதலாகப் பள்ளத்திலிருந்து இழுக்கப்படுகிறவரின் நாற்காலியில் அது ஏப்ரல்வரை தொங்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். எப்போது விழுந்தார் என்பது கணக்கில்லை. நான் எப்போது வெளியே இழுத்தேன் என்பதுதான் கணக்கு.

போன நர்ஸ் அந்தச் சங்கிலியோடு கிறிஸ்துமஸ்வரை தாக்குப்பிடித்தாள். அவளுக்கு முந்தையவள் அதுகூட இல்லை. அடுத்த மருத்துவமனை எழுபது மைலில் இருக்கிறது.

மாரிசெலா சிரிக்கவில்லை.

"வீடு வீடாப் போய் வைத்தியம் பாக்கிறவ நான். ஒரு வளைவுகூடத் திரும்பத் தெரியாதவள யாரு நம்புவாங்க? இன்னைக்கே மாத்தல் கேட்டு எழுதிடறேன்."

"ஃபோர் வீல் கம்பிய எதுல போட்டிருந்தே?" என்றார் ரெய்னோ, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஃபோர் ஹை."

"வேகம்?"

"நாப்பது. அதான் ஃபோர் வீல் இருக்கேன்னு..."

"இருக்கேன்னு! அது என்ன, உன் கையைப் புடிச்சு நிறுத்துமா? ஃபோர் ஹை, பனியில போறதுக்கு. செங்குத்தா இறங்கணும்னா ஃபோர் லோ. அதுவும் ஓடுற வண்டியில விழாது. நிறுத்தணும், நியூட்ரல்ல போடணும், அப்புறம்தான் விழும். அப்புறம் ஆமை வேகம்தான். ஃபோர் லோவுல போய்ச் சறுக்கி விழுந்தவன் இன்னும் பொறக்கல."

மாரிசெலாவின் கண் நிறைந்துவிட்டது.

"யோவ், அது என்ன வாயா, வேற ஏதாவதா?" என்று பெர்னிஸ் பாய்ந்தாள். "புள்ள குளிர்ல நடுங்குது, நீ பாடம் நடத்துறே! நீ உக்காரு கண்ணு, காபி குடி."

ரெய்னோ தொப்பியை மாட்டிக்கொண்டார். பாதி பேஸ்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்.

"கிழவனுக்குத் திமிரப் பாரு," என்றார் பக்கத்து மேஜைக்காரர். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

நான் காபியை முடித்து எழுந்தபோது கடை போன் அடித்தது. எடுத்த பெர்னிஸின் வாய் திறந்தபடி நின்றது.

"ரெய்னோ. பள்ளத்துல இருக்கானாம்."

"யாரு?"

"ரெய்னோய்யா! சர்ச் வளைவுக்கு இந்தப் பக்கம். நர்ஸ் வண்டிக்குப் போற வழியில முதல்ல அவன்தானாம். குளிருதாம், தாண்டிப் போயிடாதேங்கிறான்."

கடை அதிர்ந்தது. ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். நாற்பத்தோரு வருஷமாக ரெய்னோவிடம் பாடம் கேட்டவர்கள் அல்லவா! பெர்னிஸ் சங்கிலியைக் கழற்றி அவருடைய நாற்காலியில் மாட்டியேவிட்டாள்.

மாரிசெலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன், அவரை மட்டும் ஃபோர் வீல் டிரைவ் கையைப் புடிச்சு நிறுத்தலியாமா?" என்றாள்.

அவள் எங்கள் கடையில் சொன்ன முதல் நக்கல் அது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது ரெய்னோவின் பிக்கப் பள்ளத்தில் இருந்தது. பனியில் சறுக்கின தடம் இல்லை. டயர்த் தடம், கோடு போட்டதுபோல் சாலையிலிருந்து வளைந்து கீழே இறங்கியிருந்தது. ரெய்னோ உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"சறுக்கிடுச்சு."

"வேகம்?"

"கேள்வி கேக்காம கொக்கிய மாட்டு."

நியூட்ரலில் போடுவதற்காக உள்ளே கையை விட்டேன். கியருக்குப் பக்கத்திலிருந்த ஃபோர் வீல் கம்பி ஃபோர் லோவில் இருந்தது. வலது பக்க இண்டிகேட்டர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

நான் அதை அணைத்தேன். ரெய்னோ பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவரை முதலில் இழுத்தேன். மாரிசெலாவின் வண்டியை இரண்டாவதாக.

சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நாலு பனி டயருக்குச் சொன்னாள். வர மூன்று வாரம் ஆகும் என்றேன்.

"ஆகட்டும். நான் இங்கதானே இருக்கப்போறேன்," என்றாள்.