பக்கத்துத் திரி

"தம்பி, அணைஞ்சது உங்களோடதா பாருங்க."

மிரான் சொன்ன பிறகுதான் அந்த ஆள் தலையைத் தூக்கினான். மெழுகுவர்த்திகள் எரியும் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே, குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறான். நாற்பது வயதிருக்கும். கூரியர் கம்பெனி ஜாக்கெட். தேகு நகரத்துப் புத்த மலைக்கோயிலில் அன்று காலையிலிருந்து இருந்த ஒரே ஆண் அவன்தான். மற்றதெல்லாம் அம்மாக்கள்.

நாடு முழுக்கப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அங்கே பிள்ளைகள் எழுதும்போது இங்கே அம்மாக்கள் விழுந்து கும்பிடுவார்கள். அங்கே இடைவேளை விட்டால் இங்கேயும் கால் நீட்டுவார்கள். கணக்கு முடிந்து, காதால் கேட்டு எழுதும் பகுதிக்காக விமானங்கள்கூடப் பறக்காமல் காத்திருந்த ஆங்கிலமும் முடிந்து, இப்போது கடைசித் தாள். எல்லோரும் மண்டபத்துக்குள் இருந்தார்கள். மிரானுக்கு முழங்கால் விட்டுப்போய்விட்டது. வேண்டிக்கொள்ள வார்த்தையும் மிச்சமில்லை. அதனால் வெளியே வந்து நின்றிருந்தாள்.

அவன் லைட்டரை நாலைந்து முறை அமுக்கினான். பொறி மட்டும் வந்தது.

"காஸ் தீர்ந்துபோச்சு அக்கா. உங்ககிட்ட இருக்கா?"

"இல்லையே. நானே காலையில யார்கிட்டயோ வாங்கித்தான் ஏத்தினேன். கீழே கடையில கிடைக்கும்."

"முந்நூறு படி. இறங்கி ஏறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும்."

அவன் பார்வை மிரானின் மெழுகுவர்த்தியில் விழுந்தது. உடனே திருப்பிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இன்னொருவர் சுடரிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது. நெருப்போடு அவர்களுடைய அதிர்ஷ்டமும் வந்துவிடும் என்பார்கள். அதனால் யாரும் கேட்பதில்லை.

அவனுடைய மெழுகுவர்த்தியில் ஒட்டியிருந்த காகிதத்தை மிரான் குனிந்து பார்த்தாள். பிறந்த வருடம்: கோழி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் விலங்குகளின் கணக்கு அவளுக்கு அத்துப்படி.

"கோழி வருஷமா? அப்போ இருபது வயசு. மூணாவது தடவையா எழுதுறது?"

"ஆமாக்கா. மூணாவது."

"என் பொண்ணு ரெண்டாவது. நாய் வருஷம். என்னைப் பாத்து நாள் பூரா குரைக்கத் தெரியுது, படிக்கத்தான் தெரியலை."

அவன் லேசாகச் சிரித்தான்.

"நீங்க பரவாயில்லை தம்பி, வந்து உக்காந்திருக்கீங்க. எங்க வீட்டு மனுஷன் சோபாவுல படுத்துக்கிட்டு, 'புத்தரா பேப்பர் திருத்துறாரு?'ங்கிறார்."

"நானும் அதே கட்சிதான். ஆனா எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். ஏத்தி வை, முடியற வரைக்கும் அணையாம பாத்துக்கோன்னு. ராத்திரி ஷிப்டு முடிச்சு நேரா வந்தேன். கண்ணு சொருகிடுச்சு."

"போனா போகுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் கிடையாதுக்கா."

அவன் கரிந்த திரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்வை சுருங்கிட்டே வருது. ஒரு கண்ணு போயாச்சு. இன்னொண்ணும் வசந்தம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார். எழுத்தைப் பாத்துப் படிச்சு எழுதறது இதுதான் கடைசி."

"ஐயோ, இந்த வயசுலயா!"

அவன் தீர்ந்துபோன லைட்டரை மறுபடி அமுக்கிப் பார்த்தான். மண்டபத்திலிருந்து பிக்கு தட்டும் மரமணியின் ஓசை மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.



மிரானின் மெழுகுவர்த்தி கட்டைவிரல் உயரத்துக்கு வந்திருந்தது. இந்தத் தேர்வில் ஒரு பிள்ளை ஏறினால் இன்னொரு பிள்ளை இறங்கியாக வேண்டும். அவளுக்குத் தெரியாததல்ல. காலையிலிருந்து 'என் பொண்ணு, என் பொண்ணு' என்பதைத் தவிர அவள் வேறெதையும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஏற்றிய சுடர் அப்படி எதுவும் பார்க்கவில்லை. இரு பக்கத்துக் காகிதங்களிலும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகளின் பெயர்களை அந்த வெளிச்சத்தில்தான் நாளெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே.

கண்ணாடிக் கதவைத் திறந்து தன் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, வேணாம்! உங்க பொண்ணும் எழுதுறா!"

"தெரியும். கையை ஆட்டாம பிடிங்க."

அவளுடைய சுடரை அவனுடைய திரியில் சாய்த்தாள். உருகிய மெழுகு விரலில் சொட்டியது. திரி கொஞ்சம் முரண்டுபிடித்து, பிறகு பற்றிக்கொண்டது. மிரான் தன் சுடரை உற்றுப் பார்த்தாள்.

"குறையலையே," என்றாள், தனக்குத்தானே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவன் இடுப்பு வளைய அவளை வணங்கினான். அதன்பிறகு இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. ஒரு கட்டத்தில் மரமணி நின்றது. மண்டபத்துக்குள் யாரோ விசும்புவது கேட்டது.

"முடிஞ்சது," என்றாள் மிரான்.

கொஞ்ச நேரத்தில் அவன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"எடுங்க தம்பி, பாவம், அங்க காத்துக்கிட்டிருக்கும்."

விறைத்த விரலால் அமுக்கியதில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. பள்ளிக்கூட வாசலின் இரைச்சலுக்கு நடுவே நடுங்கும் ஒரு கிழவியின் குரல் கேட்டது:

"எல்லாத் தாளும் எழுதிட்டேன்டா மகனே! காலையில நான் உள்ள போனதும், கண்காணிக்க வந்த டீச்சர்னு நெனச்சு அத்தனை பிள்ளைங்களும் எழுந்து நின்னுதுங்க… அது கிடக்கட்டும், நீ ஏதாவது சாப்பிட்டியா?"