வெண்டலுக்கு வந்த சந்தேகம்

"ஆறைப் பாதியால வகுத்தா எப்படிம்மா பன்னெண்டு வரும்? வகுத்தா குறையத்தானே செய்யணும்?"

வெண்டல் இப்படிக் கேட்டதும் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது லொரேன்தான்.

சிரித்தாளே தவிர, எப்படிப் பன்னிரண்டு வரும் என்று அவளுக்கும் தெரியாது.

அமெரிக்காவில், டொலிடோ நகரத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். நூலகத்தை ஒட்டிய அறையில் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித் தருவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் லொரேனுக்குத்தான் கேட்க வாய் வராது.

நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்தவள். நர்ஸ் படிப்பில் சேர இந்தக் கணக்குப் பேப்பரில் பாஸாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கோட் அடித்தாயிற்று. மூன்றாவதும் போனால் நர்ஸ் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். இந்த வயதில் பின்னம் படிக்க வருவதை கேன்டீன் தோழிகள் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று, காரைக்கூடக் கட்டடத்தின் பின்பக்கம்தான் நிறுத்துவாள்.

சொல்லித் தரும் பெண் மரிசோல் பொறுமைசாலி. "ஆறு சாண்ட்விச் இருக்கு வெண்டல். ஒவ்வொண்ணையும் பாதியா வெட்டினா எத்தனை துண்டு?"

"பன்னெண்டு! அட, ஆமால்ல!" வெண்டல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அடக் கடவுளே, பத்தொன்பது வருஷம் இதைத்தானே வெட்டித் தள்ளினோம் என்று லொரேனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. எதையும் வெளியே காட்டிக்கொள்ளாமல் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அறுபத்துநாலு வயது வெண்டல், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை எழுதுகிறவர் இல்லை, பொழுதுபோகாமல் வருகிறார் என்றுதான் லொரேன் நினைத்திருந்தாள். தினமும் லொரேனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் வந்து உட்காருவார். தினமும் ஒரு அசட்டுக் கேள்வி கேட்பார்.

"மைனஸை மைனஸால பெருக்கினா ப்ளஸ்ஸா? என்னம்மா இது அநியாயமா இருக்கு?"

"ஏன் பெரியவரே, இந்த மூளைய வச்சுக்கிட்டு முப்பது வருஷம் எப்படி பஸ் ஓட்டினீங்க? ஸ்டாப்பெல்லாம் ஞாபகம் இருந்துதா?" என்று லொரேன் வம்புக்கு இழுப்பாள்.

"அதுக்குத்தான் எறங்க வேண்டிய ஜனங்க மணிக் கயித்தப் பிடிச்சு இழுப்பாங்களே!" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தன்னைவிட மக்கு ஒருவர் அந்த மேஜையில் இருப்பதில் லொரேனுக்கு அப்படி ஒரு நிம்மதி. அவர் கேட்கக் கேட்க இவளுக்கும் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அதை அவள் தன் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு முதல் நாள்.

மாதிரித் தாளில் ஏழாவது கணக்கு லொரேனின் உயிரை வாங்கியது. ஐந்து மில்லி மருந்தில் 250 மில்லிகிராம் சத்து. டாக்டர் 375 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். எத்தனை மில்லி கொடுப்பது? இந்த மாதிரி ஒரு கணக்கு நாளைக்குக் கட்டாயம் வரும். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பதும், எதிரில் இருக்கும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்ததும் மூடிக்கொள்வதுமாக இருந்தாள்.

"மரிசோல், எனக்கு ஒரு சந்தேகம்மா..." என்று ஆரம்பித்தார் வெண்டல்.

தன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் லொரேனுக்கு அவர்மேல் பாய்ந்தது.

"போதும் பெரியவரே! உங்க மண்டைல இதெல்லாம் ஏறாது. நாளைக்குப் பரீட்சை எழுதப் போறது நாங்க. எங்க நேரத்தையாவது விட்டு வைங்க!"

வெண்டலின் முகம் சுண்டிப்போனது. அப்புறம் மெல்லத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதும் நியாயந்தாம்மா."

வாசல்வரை போனவர் மரிசோலைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார். 'கோள் மூட்டறாரா? மூட்டட்டும்' என்று லொரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்த மரிசோல் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போர்டுக்குப் போய் ஏழாவது கணக்கை எழுதி, நிதானமாக ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டினாள். ஏழரை மில்லி. லொரேனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. எட்டாவதையும் ஒன்பதாவதையும் தானே போட்டுவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு சந்தோஷம் தாங்காமல் மரிசோலிடம் போனாள்.

"பாத்தியா? அந்த மனுஷன் தொலைஞ்சதும் நேரா உருப்படியான கணக்குக்கு வந்துட்ட! பீடை விட்டுதுன்னு வச்சுக்கோ."

போர்டை அழித்துக்கொண்டிருந்த மரிசோல் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தக் கணக்கைப் போடச் சொன்னதே அவர்தான்."

"அவரா? அவருக்கு என்ன தெரியும்?"

"போன வருஷமே இந்தப் பேப்பர்ல தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கினவர். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, வாயத் திறந்து கேக்க வெக்கப்பட்டே ஃபெயிலானாராம்."

லொரேனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்புறம் எதுக்குத் தினமும் வந்து..."

"உங்க நோட்டுல எந்தக் கணக்கை அழிச்சு அழிச்சுத் தாள் கிழிஞ்சிருக்கோ, அதைத்தான் தனக்குத் தெரியலன்னு கேப்பார். இன்னிக்கும் அதைத்தான் கேக்க வந்தார், நீங்க விடல. போகும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'லொரேனுக்கு ஏழாவது கணக்கு வரலம்மா, போர்டுல போட்டுக் காட்டிடு. ஆனா அவங்க முகத்த மட்டும் பாத்துடாத, வெக்கப்படுவாங்க.'"